சண்முகத்தாய், பி.ஏ.

என்ன படிச்சிருக்கீங்க என்றுதான் கேட்பார்கள். வேறு என்ன கேட்கப் போகிறார்கள், சாம்பாருக்கு எத்தனை தக்காளி போடுவீர்கள் என்றா? முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விசாரணை என்றால், பிள்ளைக்கு முன்னால் அந்த வீட்டில் யாராவது டிகிரி வாங்கியிருக்கிறார்களா என்பது ஒன்றுதான் விசாரணை. யாரும் இல்லை என்றால் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கட்டும். இருந்தால் நாமே கட்ட வேண்டும், நம்மால் முடியாது, கதை முடிந்தது. என் மாமனார் மாமியார் கைநாட்டு. என்னைப் பெற்றவர்கள் அதற்கும் ஒரு படி கீழே, கைநாட்டு வைக்கக்கூடப் பயந்தவர்கள். கனியின் அப்பா எட்டாவதோடு சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனவர், இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மிச்சம் நான் ஒருத்திதான். தாலுகா ஆபீஸ் வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில், மகளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு துணை தாசில்தார் அறையின் பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரை அசையும்போதெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று பாதி எழுந்துவிடுகிறேன். காற்றுதான். மறுபடி உட்கார்கிறேன். காலையில் கிளம்பும்போது கனியின் அப்பா ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். "பத்தாப்புன்னு சொல்லு சம்முவம். பொய்யா அது? பத்தாப்புப் படிக்காமயா பி.ஏ. படிச்ச? படியேறித்தான மாடிக்குப் போகணும். நீ படியை மட்டும் சொல்லு, மாடியைச் சொல்லாத, அம்புட்டுத்தான்." எட்டாவது படித்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் இப்படியெல்லாம் பேச வருகிறதோ. நியாயம்தான், பத்தாவது என்று சொன்னால் பொய் இல்லை. பி.ஏ. என்று சொன்னாலும் பொய் இல்லை. இரண்டுமே பொய் இல்லை என்றால் நான் ஏன் இந்த முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்கள் வீட்டு ஆண்டி கனியின் அப்பா. கனி பெரியவளானபோது மண்டபம் பிடித்து விசேஷம் வைத்தோம், வாசலில் ஃப்ளெக்ஸ். எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் காதுகூடக் குத்த மாட்டார்கள். பேருக்குப் பின்னால் ஏதாவது போட்டே ஆக வேண்டும், ஒன்றும் இல்லாதவன் ஊர்ப் பேரையாவது போட்டுக்கொள்வான். என் கொழுந்தனார் ஒருத்தர் பாதியில் விட்ட ஐ.டி.ஐ.யைப் போட்டுக்கொண்டார், நாங்கள் எல்லோரும் களுக்கென்று சிரித்தோம். ஃப்ளெக்ஸ் கடைக்காரன், அண்ணே அக்கா பேருக்குப் பின்னாடி எதுவும் போடணுமா என்று கேட்டானாம். இவர், போடு, பி.ஏ. போடு, நல்லாப் பெருசா போடு என்றாராம். வந்து பார்த்தால் என் முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது பி.ஏ. நான் வெட்கப்பட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், போகும்போதும் வரும்போதும் அதைத்தான் பார்த்தேன், பந்தி பரிமாறுகிற சாக்கில் வாசலுக்கு எத்தனை தடவை போனேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த விசேஷத்துக்குக் கிராம நிர்வாக அதிகாரி கிருபாகரன் சாரும் வந்திருந்தார். அழைக்காமல் இருக்க முடியுமா, நாளைக்கு ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் யாரிடம் போய் நிற்பது என்று நானேதான் தேங்காய் பழத்தோடு போய் அழைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார், இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார், கை கழுவிவிட்டுப் பல் குத்திக்கொண்டே ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, பார்த்துட்டாரு, சாரே பார்த்துட்டாரு என்று. போன வாரம் கனியின் விண்ணப்பம் அவரிடம் போனதும் போன் வந்தது. "என்னம்மா, தாயார் படிப்பு பத்தாம் வகுப்புன்னு போட்டிருக்கீக? விசேஷத்துல பி.ஏ.ன்னுல்ல பார்த்தேன்?" நல்ல மனுஷன்தான், தள்ளுபடி செய்யவில்லை. நான் எதுக்குப் பாவத்தைக் கட்டிக்கணும், மேல விசாரிச்சுக்கட்டும் என்று ஒரு வரி எழுதி இங்கே அனுப்பிவிட்டார். தின்ற பாயசத்துக்கு நன்றியாக அந்த ஒரு வரி.

"அம்மா, உள்ள போய் என்ன சொல்லப் போற?" கனி கேட்கிறாள். நகத்தைக் கடிக்காதே என்று அவள் கையைத் தட்டிவிடுகிறேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன் என்கிறேன். "பி.ஏ.ன்னு மட்டும் சொல்லிராதம்மா. ப்ளீஸ்மா." குரல் அழுகிற மாதிரி இறங்குகிறது. நாளை மாலைக்குள் சான்றிதழை இணையத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் அவளுக்குச் சிவில் இன்ஜினியரிங். ஏற்றாவிட்டால் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரி. இவளுக்குப் பாலம் கட்ட வேண்டுமாம். நாலுவழிச் சாலையில் மேம்பாலம் கட்டிய வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நிற்பாள், வெயிலில் கறுத்துப்போய் வருவாள், நான் திட்டுவேன். எதிர்வீட்டு ஈஸ்வரி மகளும் இந்த வருஷம்தான் கல்லூரிக்குப் போகிறாள். அது அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை. அதற்கென்று தனி ஒதுக்கீடு, கட்டணம் முழுக்க அரசாங்கம், அது போக மாதாமாதம் வங்கிக் கணக்கில் கைச்செலவுக்கும் வந்து விழும். கனியும் அந்தப் பிள்ளையும் ஐந்தாவது வரை ஒரே பெஞ்சு. ஆறாவதில் நான்தான் பிரித்தேன். ஈஸ்வரி அப்போதே சொன்னாள், அக்கா எதுக்கு வீண் செலவு, நம்ம கவர்மெண்டுப் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைச்சல் என்று. நான் என்ன சொன்னேன்? நான் டிகிரி படிச்சவ, எம்பிள்ளை இங்கிலீஷ் மீடியத்துலதான் படிக்கணும் என்றேன். அந்த வாயை நினைத்தால் இப்போது இழுத்து வைத்துத் தைக்கலாம் போலிருக்கிறது. மருந்துக் கடையில் பில் போட்டுச் சம்பாதித்ததையெல்லாம் அந்த மெட்ரிக் பள்ளியில் கொண்டுபோய்க் கொட்டி, பிள்ளைக்கு வர வேண்டியதையெல்லாம் நானே வராமல் பண்ணினேன். உதவித்தொகைக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறோம், அது வரும்போது வரட்டும். வங்கிக் கடன் என்றால் ஆடி போய் ஆவணி வரவேண்டும், கல்லூரிக்காரன் ஆடி ஆவணியெல்லாம் பார்க்க மாட்டான், சேரும் அன்றைக்கே கேட்பான். மிச்சம் இருக்கிறது இந்த ஒரு சான்றிதழ்தான். அதற்கும் குறுக்கே நிற்கிறது யார் என்றால் நானே, என் பேருக்குப் பின்னால் இருக்கிற அந்த இரண்டு எழுத்தே. கனி மறுபடி நகத்தைக் கடிக்கிறாள். இந்தத் தடவை தட்டிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அது டிகிரியா? அதைத்தானே எனக்கே யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு, பத்தாவது முடித்தவர்கள் பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகவே தபாலில் டிகிரி படிக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் பார்த்து, கனியின் அப்பாதான் கட்டணம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. வரலாறு. எங்கள் தெருவில் ஒருத்தியும் படிக்காத படிப்பு. பாஸாகிச் சான்றிதழும் தபாலில் வந்தது, பட்டமளிப்பு விழாவுக்கெல்லாம் போகவில்லை, தபால்காரர்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார். பிறகு சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினேன், பட்டதாரிகளுக்கான வேலை, எழுத்துத் தேர்வில் என் நம்பர் இருந்தது. தெருவே வந்து பார்த்தது. சான்றிதழ் சரிபார்க்கச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். கனிக்கு அப்போது நாலு வயசு, விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, தோளில் போட்டுக்கொண்டே போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார், ஒரு இடத்தில் நின்றார். பிளஸ் டூ எங்கம்மா? பிளஸ் டூ இல்ல சார், நேரடி டிகிரி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை, பரிதாபமும் இல்லை, தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிச் சலித்த முகம். "இது செல்லாதும்மா. பிளஸ் டூ படிக்காம வாங்கின டிகிரி, டிகிரி இல்ல. கோர்ட்டே சொல்லிருச்சு." அப்ப நான் படிச்சது என்ன சார் என்று கேட்டேன். கேட்டேனா, கேட்க நினைத்தேனா? ரயிலில் திரும்பி வரும்போது கேட்டேன், ஜன்னலைப் பார்த்து. கிழிந்த நோட்டை நீட்டினால் பஸ் கண்டக்டர் திருப்பிக் கொடுப்பாரே, அப்படித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தேன். கனியின் அப்பாதான் கடைசியில் வாயைத் திறந்தார். "சென்னைக்காரனுக்குத்தான செல்லாது? எனக்குச் செல்லும். எனக்கு நீ பி.ஏ.தான்." சொன்னதோடு விட்டாரா, அதற்குப் பிறகுதான் எங்கு பார்த்தாலும் போட ஆரம்பித்தார். விசேஷப் பத்திரிகையில், ஃப்ளெக்ஸில், மாரியம்மன் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த ட்யூப் லைட்டில். கடவுளே, அந்த ட்யூப் லைட். உபயம், ஜோதிமுருகன், சண்முகத்தாய் பி.ஏ., சிவப்புப் பெயிண்டில். கோயிலுக்கு நேர் எதிரேதான் கிருபாகரன் சாரின் அலுவலகம். இந்தத் திரைக்கு உள்ளே இருக்கிற துணை தாசில்தார் மேடம் போனில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர் அங்கிருந்தே வாசித்துச் சொல்லிவிடுவார்.

போன் அடிக்கிறது. மருந்துக் கடை முதலாளியாக இருக்கும், எப்போது வருகிறாய் என்று கேட்க. இல்லை, இவர்தான். எடுத்ததுமே, "சுரண்டிட்டேன்" என்கிறார். எதை? "அதாம்மா, கோயில் ட்யூப் லைட்டை. சவரப் பிளேடை வச்சு நைசா சுரண்டிட்டேன். பேரு அப்படியே இருக்கு, பின்னால இருந்தது மட்டும் போயிருச்சு." மூச்சு வாங்குகிறது, ஸ்டூல் மேலே நின்றுகொண்டே பேசுகிறார் போல. லோடு ஏத்தப் போகலையா என்று கேட்கிறேன். "போகணும். பூசாரி வந்து ஏன்யா சுரண்டுறன்னு கேட்டாரு. பல்லி எச்சம்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எதிர் பெஞ்சில் பட்டாவுக்காக உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பல்லி எச்சம். மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்புக்குப் போய், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது தெரியாமல் படித்து வாங்கிய பல்லி எச்சம். என் சிரிப்பு நின்றுவிட்டது. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர் பக்கம் கோயில் மைக்கில் பாட்டு கேட்கிறது. "நீ ஒண்ணும் நினைச்சுக்கிடாத சம்முவம்," என்கிறார். நான் என்ன நினைக்கப் போறேன், பார்த்து இறங்குங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா என்னம்மா சொல்றாங்க என்று கனி கேட்கிறாள். லோடு ஏத்தப் போறாகளாம் என்கிறேன்.

சுரண்டியாயிற்று. ஃப்ளெக்ஸ் எப்போதோ கிழிந்து மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகப் போய்விட்டது. கிருபாகரன் சாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பத்தாவது என்று சொல்லலாம். சொல்லிவிட்டால்? மேடம் எழுதிக்கொள்வார், சான்றிதழ் வரும், கனி கல்லூரிக்குப் போவாள். முதல் வருஷம் ஒன்றும் ஆகாது. இரண்டாம் வருஷம் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள் எவனாவது ஒரு மொட்டைக் கடுதாசி போடுவான். அதற்கு எங்கள் தெருவில் ஆளா இல்லை? ஈஸ்வரி போட மாட்டாள், சண்டை போட்டாலும் நேருக்கு நேர் போடுகிறவள். ஆனால் அந்த ஐ.டி.ஐ. கொழுந்தனார் இருக்கிறாரே, அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அவருக்கு மறக்கவில்லை. சொல்லியது பொய் என்று தெரிந்தால் சான்றிதழ் ரத்து, கட்டிய பணத்தைத் திருப்பிக் கட்டு, நடவடிக்கை. விண்ணப்பத்தின் அடியில் அதுதானே அச்சடித்திருக்கிறது, கனியின் கையெழுத்துக்கு நேர் மேலே. கையெழுத்துப் போட்டது அவள்தானே, நான் இல்லையே. நான் ஒரு வார்த்தை பொய் சொன்னால் மாட்டுவது அவள். கடைசிப் பரீட்சையின் போது ஹாலில் வந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், எழுந்து வா என்பார்கள். எனக்கு இப்போதே அந்த ஹால் கண்ணில் தெரிகிறது, அதில் அவள் முதுகு தெரிகிறது. கடைசிப் பரீட்சை என்றால் எனக்கு என்னுடையதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது கனி எனக்கு ஏழு மாதம். சித்திரை வெயில், தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம், மேஜைக்கும் எனக்கும் நடுவில் வயிறு இடிக்கிறது, தள்ளி உட்கார்ந்தால் கை எட்டவில்லை. கண்காணிப்புக்கு வந்த டீச்சர் என்னை எழுப்பி ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்துத் தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எழுதுக. எழுத எழுத உள்ளே இருந்து உதைக்கிறாள். இருடி, இந்தக் காரணத்தை முடிச்சுக்கிடுதேன் என்று மெதுவாகச் சொன்னேன், பக்கத்து மேஜைக்காரி என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். ரொட்டி கிடைக்காத ஜனங்கள், வரி கட்டாத பிரபுக்கள், எல்லாம் மணி மணியாக வந்தது. இன்றைக்கு ஒரு காரணமும் ஞாபகம் இல்லை, அந்த உதை மட்டும் இருக்கிறது. அந்தப் பரீட்சையைத்தான் நான் எழுதவில்லை என்று சொல்லப் போகிறேன், அதுவும் உதைத்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த ஹாலே அவளுக்கு இல்லை, சொல்லத்தான் வேண்டும். பிள்ளையைவிட எனக்கு அந்த இரண்டு எழுத்து பெரிதா? பெரிதில்லை. பெரிதில்லை என்றுதான் நெஞ்சு சொல்கிறது, ஆனால் சொல்லும்போதே வலிக்கிறது.

"கனிஷ்கா, ஜோதிமுருகன் மகள், வாங்க." திரை விலகிவிட்டது, காற்று இல்லை, ஆள். நான் எழுந்ததும் பெஞ்சின் மறுமுனை டொக்கென்று இறங்கியது. உள்ளே துணை தாசில்தார் மேடம், சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, மேஜையில் பாதி குடித்த டீயில் ஆடை படிந்திருக்கிறது. கிருபாகரன் சார் எழுதிய வரியை விரலால் தொட்டுப் படித்தார். பத்தாவது, பத்தாவது, பத்தாவது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, கோயிலைச் சுற்றி வரும்போது சொல்கிற மந்திரம் மாதிரி. "நீங்கதான் அம்மாவா? என்ன படிச்சிருக்கீங்க?" கேட்டுவிட்டார். பத்தாவது. சொல்லு. வாயைத் திறந்தேன், "பி.ஏ. ஹிஸ்டரி, மேடம்" என்று வந்தது. பக்கத்தில் கனி மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. சொன்னபின் நிறுத்த முடியவில்லை, அடைப்பு எடுத்த குழாய் மாதிரி கொட்டிவிட்டேன். பிளஸ் டூ இல்லாமல் தபாலில் படித்தது, நம்பர் வந்தது, சென்னைக்குப் போனது, செல்லாது என்றது. "வேலை கேட்டுப் போனப்ப உங்க அரசாங்கம்தான் மேடம் இது டிகிரி இல்லைன்னு சொல்லுச்சு. இப்ப எம்பிள்ளைக்கு உதவி கேட்டா மட்டும் அது டிகிரியாகிருமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. டிகிரின்னா எனக்கு வேலையைக் குடுங்க, இல்லைன்னா எம்பிள்ளைக்குச் சான்றிதழைக் குடுங்க." என் குரல் எனக்கே கேட்கிறது, வராந்தா வரைக்கும் போயிருக்கும். தொலைந்தது, எல்லாம் தொலைந்தது, தவளை தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். மேடம் கோபப்படவில்லை. பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "இதுக்குன்னு தனியா உத்தரவு இருக்கான்னு எனக்குத் தெரியலம்மா," என்றார். "ஆனா வேலைக்குச் செல்லாததை இதுக்கு மட்டும் செல்லும்னு நான் எப்படி எழுதறது? அது நியாயமில்லையே." அப்புறம் சிரித்தார், நல்ல சிரிப்பு, மனசார. "பயந்துட்டீங்களா? நீங்க பட்டதாரியே இல்லைம்மா. அப்புறம் என்ன பிரச்சினை? நடந்ததை ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, அதனால நான் பட்டதாரி இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என் பொறுப்புல அனுமதிச்சு விடறேன், சாயங்காலமே வந்துரும்." கனி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான், அம்மா தாயே மாரியம்மா என்று வந்தது. பொய்யும் சொல்லவில்லை, மகளுக்கும் கிடைத்துவிட்டது, இதைவிட வேறென்ன வேண்டும். கனியிடமிருந்து பேனா வாங்கி மேஜை ஓரத்திலேயே நின்று எழுதினேன். அம்மையீர், வணக்கம் என்று தொடங்கி, எது எப்போது என்று வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதுவதற்கு எப்போதும் எனக்குக் கை வரும். ஆகவே நான் பட்டதாரி இல்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன் என்கிற இடம் வந்தபோது மட்டும் பேனா நின்றது. எழுது சம்முவம், பொய்யா இது என்று சொல்லிக்கொண்டேன். சென்னையில் அந்த ஆள் வாயால் சொன்னார், இங்கே என் கையாலேயே எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். எழுதிவிட்டேன். கனி தோளுக்கு மேலே எட்டி அந்த வரியைப் படித்தாள், படித்துவிட்டு நிமிரவில்லை.

வெளியே முத்திரை போடுகிற மேஜையில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே இருந்தவர் வயசானவர், ரிட்டயர்டு ஆகப் போகிற களை, காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. தாளை வாங்கி நடுவில் எதையும் படிக்கவில்லை, எட்டத்தில் பிடித்து எழுத்தை மட்டும் அழகு பார்த்தார். கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே போகும் வரைக்கும் ப்ளீஸ்மா ப்ளீஸ்மா என்று பிடுங்கிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. முகத்தில் சிரிப்பைக் காணோம். சந்தோஷப்படேன்டி, உனக்காகத்தானே என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அவள் கண் நிறைந்து நின்றதைப் பார்த்துவிட்டு ஆபீஸ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரக்கூடாது, இங்கே வரக்கூடாது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். அவர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்களே எழுதுனதா தாயி? எழுத்து முத்து முத்தா இருக்கே. எதுவரைக்கும் படிச்சிருக்கீக?"

"சார், எங்கம்மா பி..." என்று கனி ஆரம்பித்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"பத்தாப்பு சார்," என்றேன்.

"அடடா, பத்தாப்புக்கே இந்த எழுத்தா," என்றார் அவர். "மேற்கொண்டு படிக்க வச்சிருந்தா எங்கயோ போயிருப்பீக." சொல்லிவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.